நாஸ் சர்வரில் பார்ட்டிஷனை அழிக்க: எஃப்டிஸ்க்கா, வைப் பொத்தானா, வைப்எஃப்எஸ்ஸா?

வீட்டில் நாஸ் சர்வர், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் கணினி, வைத்திருப்பவர்களுக்குப் பழைய டிஸ்க்கைக் காலி செய்யும் வேலை என்றைக்காவது வந்தே தீரும். எனக்கு வந்தது, இரண்டு 4 டிபி டிஸ்க்குகளில் இருந்த பழைய மிர்ரர் ரெய்டை (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் அமைப்பு) கலைத்து, அவற்றை நாஸுக்கான மென்பொருளான ஓப்பன்மீடியாவால்ட்டில் தனித்தனியாகச் சேர்க்க நினைத்தபோது. கையில் நாலு வழி இருந்தது: நிர்வாகப் பக்கத்தில் உள்ள வைப் பொத்தான், டிஸ்க்கின் பகுதிகளை (பார்ட்டிஷன்களை) உருவாக்கவும் நீக்கவும் உள்ள எஃப்டிஸ்க் கட்டளை, டிடி கட்டளை கொண்டு முழுக்க பூஜ்யம் எழுதுவது, அடையாளங்களை மட்டும் அழிக்கும் வைப்எஃப்எஸ் கட்டளை. நான் எடுத்தது வைப்எஃப்எஸ். மறுபடி செய்யச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன்.

பேக்கப் எடுத்தாக வேண்டும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் டிஸ்க்கின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். நேற்று எஸ்டிபி என்று இருந்தது, ரீபூட் செய்தபின் எஸ்டிசி ஆகியிருக்கலாம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் சீரியல் எண்ணையும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். எந்த வழியில் போனாலும் இது பொது.

எஃப்டிஸ்க்கை நிறையப் பேர் பழக்கத்தால் எடுப்பார்கள். அதில் ஒரு நல்ல குணம் உண்டு. 'டபிள்யூ' அழுத்தும் வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது, மனம் மாறினால் 'க்யூ' அழுத்தி வெளியே வந்துவிடலாம். அதே வேலைக்கான இன்னொரு கருவியான பார்ட்டட் அப்படியில்லை, கட்டளை கொடுத்த நொடியே எழுதிவிடும். சரி, எஃப்டிஸ்க்கில் என்ன குறை? அது பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள வரியைத்தான் நீக்குகிறது. பார்ட்டிஷனுக்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டம் அடையாளமும் ரெய்டு அடையாளமும், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் சில பைட்டுகள், இருந்த இடத்திலேயே இருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த மிச்சம்தான். இன்றைய கருவிகள் பெரும்பாலும் முதல் பார்ட்டிஷனை 2048-ஆவது செக்டரில், அதாவது 1 எம்பி தாண்டித் தொடங்குகின்றன. பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினால், அதுவும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். உள்ளே பழைய ரெய்டு அடையாளம் அப்படியே கிடப்பதால், லினக்ஸ் அதைப் பார்த்து, கலைத்துவிட்டதாக நாம் நினைத்த ரெய்டை எம்டி127 என்ற பெயரில் தானாகவே எழுப்பிவிடும். அப்புறம் புது ஃபைல் சிஸ்டம் போடப் போனால் 'டிவைஸ் பிஸி' என்று நிற்கும். புதிய எஃப்டிஸ்க் பதிப்புகள் பழைய அடையாளம் இருப்பதைச் சொல்லி, நீக்கவா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று அடித்துவிட்டால் கதை முதலிலிருந்து.

வைப்எஃப்எஸ் நேராக அந்த அடையாளத்துக்கே போகிறது. எந்த விருப்பமும் கொடுக்காமல் டிஸ்க்கின் பெயரை மட்டும் கொடுத்தால், எந்த இடத்தில் என்ன அடையாளம் இருக்கிறது என்று பட்டியல் போடும், எதையும் தொடாது. 'ஏ' என்ற விருப்பத்தைக் கொடுத்தால்தான் அழிக்கும். அழிப்பதும் சில பைட்டுகளைத்தான். லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 என்றால் 1080-ஆவது பைட்டில் தொடங்கும் இரண்டே பைட். இன்றைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையான ஜிபிடி என்றால், டிஸ்க்கின் முன்பக்கத் தலைப்பில் எட்டு பைட், கடைசியில் இருக்கும் அதன் நகலில் எட்டு பைட். பேக்கப் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அழிக்கும் பைட்டுகளைச் சின்னச் சின்னக் கோப்புகளாக ஹோம் ஃபோல்டரில் எழுதி வைக்கும். வேறு எதுவும் எழுதாத வரை, அவற்றைத் திரும்ப அதே இடத்தில் வைத்தால் பழையபடி ஆகிவிடும். இந்த வசதி வேறு எந்த வழியிலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

ஆனால் வரிசை முக்கியம். முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்து ஓட்டினால் அட்டவணை மட்டும்தான் போகும், உள்ளே இருப்பது போகாது. அதனால் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். முதலில் அன்மவுண்ட் (ஃபைல் சிஸ்டத்தைப் பயன்பாட்டிலிருந்து விடுவிப்பது), அடுத்து லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஅட்ம் வைத்து ரெய்டை நிறுத்துவது, பிறகு ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் வைப்எஃப்எஸ், கடைசியில் முழு டிஸ்க்கில். நடுவில் 'பிஸி' என்று மறுத்தால், எதுவோ அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். 'ஃபோர்ஸ்' போட்டுத் தாண்டாதீர்கள், பிடித்திருப்பது எது என்று தேடுங்கள்.

வைப் பொத்தானைக் குறை சொல்ல மாட்டேன். ஷேர்டு ஃபோல்டர் ஏதாவது ஒரு ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், ஓப்பன்மீடியாவால்ட் அதை அன்மவுண்ட் செய்யவே விடாது. டெர்மினலில் அந்தக் காவல் இல்லை. அதனால் ஷேர்களை நீக்குவதும் அன்மவுண்ட் செய்வதும் நிர்வாகப் பக்கத்திலேயே நடக்கட்டும் என்பேன். ஆனால் வைப் முழு டிஸ்க்கையும் துடைக்கும். மூன்று பார்ட்டிஷனில் ஒன்றை மட்டும் எடுக்க அது உதவாது.

டிஸ்க்கை விற்கப் போகிறீர்கள் அல்லது யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் டிடிதான், அங்கே வைப்எஃப்எஸ் போதாது. அடையாளம்தான் போயிருக்கும், உங்கள் ஃபோட்டோக்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். 4 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி என்று வைத்துக்கொண்டால் ஏழரை மணி நேரம் ஓடும். நேரத்தை மிச்சம் பிடிக்க முதல் சில எம்பியை மட்டும் அழிக்கும் குறுக்குவழியில், கடைசியில் உள்ள ஜிபிடி நகல் தப்பித்துவிடும்.

இவ்வளவும் லினக்ஸின் எம்டி ரெய்டும் இஎக்ஸ்டி4-உம் வைத்துச் சொன்னது. ஜெட்எஃப்எஸ் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. அது தன் லேபிளை டிஸ்க்கின் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பிரதி வைப்பதால், அதற்கென்றே உள்ள லேபிள்கிளியர் கட்டளையைத்தான் முதலில் பார்ப்பேன். சினாலஜி நிறுவனத்தின் ரெடிமேட் நாஸ் பெட்டிகளில் டெர்மினல் பக்கமே போக மாட்டேன். அங்கே டேட்டா டிஸ்க்குகளிலேயே சிஸ்டத்துக்கான பார்ட்டிஷனும் இருக்கிறது, அதனால் அதன் ஸ்டோரேஜ் மேனேஜர் வழியாகச் செய்வதே சரி.