பிசினஸ் கிளாஸில் தூங்குவதா, சாப்பிடுவதா, படம் பார்ப்பதா, வேலை பார்ப்பதா?

பிசினஸ் கிளாஸில் ஏறும் நம்ம ஆட்கள் பலருக்கு ஒரு பதற்றம் உண்டு. இவ்வளவு காசு கொடுத்திருக்கிறோம், இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் பறந்து சேர்த்த மைல்ஸை, அதாவது விமான கம்பெனி தரும் புள்ளிகளை, ஒரே டிக்கெட்டில் கரைத்திருக்கிறோம், அதனால் நீட்டுவதையெல்லாம் வாங்கி வசூல் பண்ணிவிட வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் ஷாம்பெயின், அப்புறம் சூடு பண்ணிய முந்திரி பாதாம், அப்புறம் மூன்று சுற்றாகச் சாப்பாடு, சீஸ், இனிப்பு, அதற்கு மேல் ஒரு காபி, நடுவில் இரண்டு படம், கிட் பையைப் பிரித்து அந்தச் சுண்டுவிரல் நீள க்ரீம் டியூபை முகர்ந்து பார்த்து மறுபடி பத்திரமாக மூடி வைப்பது. மொய் எழுதிய கையோடு பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்ததைக் கூட்டிப் பார்க்கிற கதைதான். இறங்கும்போது கண் சிவந்து, வயிறு உப்பி, பின்னால் எகானமியில் குறுகி உட்கார்ந்து வந்தவரைவிட மோசமான நிலையில் இமிகிரேஷன் வரிசையில் நிற்பார்கள்.

அந்த டிக்கெட்டில் நீங்கள் வாங்குவது ஒரு படுக்கை. மற்றதெல்லாம் கூட வருவது. அந்தச் சாப்பாட்டையும் மதுவையும் ஊரில் பெரிய ஹோட்டலுக்குப் போய் காசு கொடுத்து வாங்கினாலும், எகானமிக்கும் பிசினஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது. தரையில் எந்த விலைக்கும் கிடைக்காதது, கடலுக்கு மேல் முப்பத்தைந்தாயிரம் அடியில் காலை நீட்டிப் படுப்பது ஒன்றுதான். 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் முழுசாகத் தட்டையாகும் படுக்கையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பிசினஸ் கிளாஸ் என்றால் நன்றாகச் சாயும் அகல நாற்காலி, அவ்வளவுதான். மற்ற விமான கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்த பிறகுதான் விலையும் இன்றைய உயரத்துக்கு ஒரு நியாயம் சொல்ல ஆரம்பித்தது.

அப்படியென்றால் ஏறியதும் போர்த்திக்கொண்டு படுத்துவிட வேண்டியதுதானே என்றால், இல்லை. எத்தனை மணி நேரப் பயணம், இறங்கும்போது அந்த ஊரில் மணி என்ன, இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மெனு கார்டைப் பார்த்து இல்லை.

முதலில் தூக்கம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் ராத்திரி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் சொச்சம். மேலே ஏறி சீட் பெல்ட் விளக்கு அணைய இருபது நிமிஷம், டின்னர் கொண்டுவந்து தட்டை எடுத்துப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், தரையிறங்குவதற்கு அரை மணிக்கு முன்பே சீட்டை நிமிர்த்தச் சொல்லிவிடுவார்கள். மிஞ்சுவது இரண்டு மணி நேரம் சொச்சம். அதிலும் டின்னரை ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒரு கிளாஸ் வைனும் முடித்து, படம் ஒன்றைப் பாதி பார்த்துவிட்டுப் படுத்தால் கண் சொக்கும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர், அங்கே விடிந்திருக்கும், உங்கள் உடம்புக்கு இன்னும் விடிந்திருக்காது. இந்த மாதிரிப் பயணத்தில் சாப்பாட்டைச் சென்னை விமான நிலையத்தில் பிசினஸ் பயணிகளுக்கென்று இருக்கும் லவுஞ்சிலேயே முடித்துவிட்டு, ஏறியதும் பணிப்பெண்ணிடம் "எனக்குச் சாப்பாடு வேண்டாம், இறங்கும் வரை எழுப்பாதீர்கள்" என்று சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி. அப்படிச் செய்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும். அவ்வளவுதான் என்றாலும் அது துண்டாகாத மூன்று மணி நேரம்.

நீண்ட ராத்திரிப் பயணத்திலும் தூக்கத்தைத் திருடுவது காலை டிபன்தான், இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. இறங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே விளக்கு மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வரும், திரைச்சீலைக்குப் பின்னால் ஓவன் கதவுகள் டப் டப்பென்று மூடும், சூடான ரொட்டி வாசனை வரும், பக்கத்து சீட்காரர் பட்டனை அழுத்திக் கட்டிலை நாற்காலியாக்குவார், அந்த மோட்டார் முனகிக்கொண்டே நிமிரும். அவ்வளவுதான், உங்கள் தூக்கமும் முடிந்தது. ஒரு ஆம்லெட்டுக்காக ஒன்றரை மணி நேரத் தூக்கத்தைக் கொடுப்பது என் கணக்கில் படு நஷ்டம். பல விமானங்களில் டிபனுக்கு எழுப்பலாமா வேண்டாமா என்று முன்கூட்டியே கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லலாம். போர்வைக்கு மேலே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விமானம் ஆடும்போதெல்லாம் பெல்ட்டைப் பார்க்க எழுப்புவார்கள்.

மேலே தூங்குவது வீட்டில் தூங்குவது மாதிரி இருக்காது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள், அதாவது நீங்கள் தூங்குவது ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரிப் புது விமானங்களில் அது ஆறாயிரம் அடியோடு நிற்கும், அதனால் தலைபாரம் குறைவு. ஈரப்பதம் மட்டும் கொடைக்கானலுக்கு நேர் எதிர், இருபது சதவீதத்துக்கும் கீழே. தொண்டை வறண்டு எழுந்துகொள்வது அதனால்தான்.

இங்கேதான் மதுவும் தூக்கமும் மோதுகின்றன. ஒரு பெக் போட்டால் நல்லா தூக்கம் வரும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் தோராக்ஸ் மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கொஞ்சம் மது கொடுத்து, விமானத்துக்குள் இருக்கும் அதே காற்றழுத்தத்தில் தூங்க வைத்தார்கள். தரையில் குடிக்காமல் தூங்கியவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் 96 சதவீத அளவில் இருந்தது, குடித்துவிட்டு அந்த அழுத்தத்தில் தூங்கியவர்களுக்கு 85 பக்கம் இறங்கியது, இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 64-இலிருந்து 88-க்கு ஏறியது. தூங்குகிற உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதய நோயோ நுரையீரல் கோளாறோ இருப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று குடியுங்கள், இல்லை தூங்குங்கள், இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள்.

சாப்பாட்டுப் பிரியர்களின் கட்சிக்கும் வருகிறேன். பகல் பயணம் என்றால் நிதானமாகச் சாப்பிடுவதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை, இரண்டு மணி நேரம் தாராளமாக ஓடும். ஆனால் எதைச் சாப்பிடுவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். லுப்தான்ஸாவுக்காக ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் நிறுவனம் செய்த ஆய்வில், வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகிவிடுகின்றன என்று தெரிந்தது. தக்காளி ஜூஸ் மேலே போனால் ருசிக்கிறது என்று சொல்வதும் இந்த வகையில்தான். மெனுவில் பெரிய எழுத்தில் இருக்கிற ஸ்டீக்கும் மீனும் கீழே சமைத்து, குளிரவைத்து, மேலே ஓவனில் சூடு பண்ணியவை, அவை தோல் மாதிரி ஆகிவிடும். குழம்பும் மசாலாவும் உள்ள ஐட்டம் தாக்குப்பிடிக்கும். கோழிக் குழம்பு, பிரியாணி, தாய் கறி, இவற்றில் கை வையுங்கள். தோசை ஆசை வேண்டாம், ஈரத் துணி மாதிரிதான் வரும்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிக்கெட் போடும்போது வெறும் வெஜிடேரியன் என்று போட்டால் வேகவைத்த காய்கறியும் சாலடும் வந்து நிற்கும். ஏவிஎம்எல் என்று ஒரு குறியீடு உண்டு, ஆசிய சைவம், அதாவது நம்ம ஊர் மசாலாவோடு வரும். ஜெயின் சாப்பாட்டுக்கு விஜேஎம்எல். பொதுவாக ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

படம் பார்ப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரை பெரிசு, ஹெட்போன் நல்லது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் எமிரேட்ஸிலும் தமிழ்ப் படங்களும் உண்டு. பகல் பயணத்தில் பார்க்கலாம். ராத்திரியில் ஒரு படம் என்பது இரண்டரை மணி நேரத் தூக்கம், அதே படம் இன்னும் கொஞ்ச நாளில் வீட்டு டிவியிலேயே வந்துவிடும்.

வேலை பார்ப்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. வைஃபை வேகமாகிவிட்டது, கத்தார் ஏர்வேஸ் 2024-இலேயே ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் பொருத்திய விமானத்தைப் பறக்கவிட்டது, அதனால் மேலே இருந்தபடியே மெயிலுக்குப் பதில் போடலாம், ஸ்லைடு திருத்தலாம், எல்லாம் சரி. ஆனால் உங்கள் கம்பெனி ஏன் இவ்வளவு காசு கொட்டி இந்த டிக்கெட்டைப் போடுகிறது? இறங்கின அன்றைக்கே மீட்டிங்கில் தெளிவாகப் பேச வேண்டும் என்றுதான். ராத்திரி முழுக்க ஸ்லைடு திருத்திவிட்டுக் காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எகானமி டிக்கெட்டே போதுமாக இருந்திருக்குமே. ஒருமுறை எனக்குக் குறுக்கே இருந்த ஒருவர் பாதி ராத்திரிக்கு மேல் எக்செல் ஷீட்டை உருட்டிக்கொண்டிருந்தார், திரை வெளிச்சம் மூன்று வரிசைக்கு அடித்தது. அவர் தூங்காதது அவர் இஷ்டம், மற்றவர்களையும் தூங்கவிடவில்லையே. வேலை இருந்தால் லவுஞ்சில் முடியுங்கள், அங்கே மேஜையும் பிளக்கும் இருக்கிறது. பகல் பயணம் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது நிஜப் பயணங்களில் வைத்துப் பார்ப்போம். சென்னையில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் பிராங்பர்ட் விமானம் கேள்விக்கே இடமில்லாத கேஸ். பத்து மணி நேரம், அங்கே இறங்கும்போது காலை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, ஏறியதும் படுங்கள். லண்டன் நேரடி விமானம் வேறு மாதிரி. இங்கே விடிவதற்கு முன்னாலேயே விமான நிலையத்துக்கு வந்து, அதிகாலையில் கிளம்பி, அங்கே அன்று முற்பகலில் இறங்குவீர்கள். முந்தின ராத்திரித் தூக்கம் எப்படியும் போயிருக்கும், அதனால் முதல் பாதியில் ஐந்து மணி நேரம் தூங்கி, அப்புறம் எழுந்து சாப்பாடு, படம். கடைசி நேரத்தில் தூங்காதீர்கள், லண்டனில் முழுப் பகல் காத்திருக்கிறது, சீக்கிரம் படுக்கவும் வேண்டும். திரும்பி வரும்போது இதைத் தலைகீழாக்குங்கள்: லண்டனில் பகலில் கிளம்புவதால் முதலில் தூக்கம் வரவே வராது, சாப்பாட்டையும் ஒரு படத்தையும் முதலிலேயே முடித்துவிட்டு, பிற்பாதியில் கட்டாயமாக விளக்கை அணைத்துப் படுங்கள். சென்னையில் விடிவதற்கு முன் இறங்கி விடுவதால், கிடைத்த மூன்று நாலு மணி நேரம்தான் மறுநாளை ஓட்டும். கிழக்கே வரும்போது உடம்பு ஒத்துழைக்காது, மேற்கே போவதைவிட ஜெட்லாக் கூடுதலாகவே இருக்கும்.

தோஹா, துபாய் வழியாகப் போனால் சீட் ஒருவேளை இதைவிட அழகாக இருக்கும். கத்தார் ஏர்வேஸின் கியூசூட் என்ற பிசினஸ் சீட்டில் 2017-இலிருந்தே கதவு உண்டு, எமிரேட்ஸின் ஏ380-இல் மாடியில் பார் உண்டு, நின்றுகொண்டு பேசலாம். விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் நாலு மணி நேரம் பறந்து, நடுச்சாமத்தில் இறங்கி, செக்யூரிட்டியில் பெல்ட்டைக் கழற்றி, மறுபடி ஏறி ஆறேழு மணி நேரம். தூக்கம் இரண்டு துண்டு, இரண்டும் நொண்டி. கதவு வைத்த சூட்டைவிட, பழைய சீட்டாக இருந்தாலும் இடையில் எழுப்பாத பத்து மணி நேரம் மேல் என்பதுதான் என் தேர்வு. பார் பிடிக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

எல்லா ஆசையும் ஒரே பயணத்தில் அடங்குவது சிங்கப்பூர் – நியூயார்க் மாதிரி பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் ஒன்றில்தான். அதற்கென்றே உள்ள ஏ350 விமானத்தில் 161 சீட்தான், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, சாதா எகானமியே கிடையாது. நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி அங்கே விடிகாலையில் இறங்கும் விமானத்தில் ஏறினால் முதலில் ஒரு தூக்கம், நடுவில் எழுந்து சாப்பாடு, படம், வேண்டுமென்றால் அந்த எக்செல்லும்கூட, கடைசி ஐந்தாறு மணி நேரத்தில் இரண்டாம் தூக்கம். இடையில் எழுந்து நடக்க மறக்காதீர்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் போகும் பயணங்களில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே சொன்னது, அது எகானமிக்காரர்களுக்கு மட்டும் சொன்னதில்லை.

கையில் ஒரு வழிக்குத்தான் காசோ மைல்ஸோ இருக்கிறது என்றால் எதில் போடுவது என்று பலர் கேட்கிறார்கள். சென்னை – சிங்கப்பூரில் போடாதீர்கள், மூன்று மணி நேரத் தூக்கத்துக்கு அந்த விலை அதிகம், எகானமியில் போய்விட்டு மிச்சக் காசில் ஹோட்டலில் முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறை எடுத்தால் காலையிலேயே போய்ப் படுத்துவிடலாம். ஐரோப்பாவுக்குள் ஒன்றிரண்டு மணி நேரப் பயணங்களில் சுத்தமாக வேண்டாம், அங்கே பல கம்பெனிகளில் பிசினஸ் கிளாஸ் என்பது நடு சீட்டைக் காலியாக விட்ட அதே எகானமி வரிசை. ஐரோப்பாவுக்குப் போவதென்றால் ராத்திரி கிளம்பும் வழியில் போடுங்கள், பகல் வழியை எகானமியில் படம் பார்த்தே ஓட்டிவிடலாம். லண்டன் நேரடி விமானத்தில் என்னைக் கேட்டால் போகும் வழிக்கு. திரும்பி வந்தால் வீட்டுக் கட்டில் இருக்கிறது, அங்கே போய் இறங்கினால் ஹோட்டலில் அறை பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மேல்தான்.