மூவர் டோம் டென்ட்: சிறுமலைக்குப் போதும், ஐப்பசி மழைக்குப் போதாது

மதுரையில் கேம்பிங் சாமான் கேட்டுப் போனால் பெரும்பாலும் ஒரே ஜாடையில் உள்ள டோம் டென்ட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பையில் ஒட்டிய பெயர் கடைக்குக் கடை மாறும், உள்ளே இருப்பது அவ்வளவாக மாறாது: 190டி (நெசவில் இழை நெருக்கத்தின் அளவு) பாலியஸ்டர் துணி, குறுக்கே வளையும் இரண்டு ஃபைபர் கம்பி, உச்சியை மட்டும் மூடும் ஒரு வெளிக்கூரை, ஒரு கைப்பிடி மெல்லிய ஆணி. விலை மூவாயிரத்தை ஒட்டி. வாடகைக்கு வருவதும் அநேகமாக இதேதான். அதனால் இது எந்தக் கம்பெனிக்கும் போடும் மார்க் இல்லை. இந்த வகை டென்ட் நம்ம பக்கத்து மலைகளில் எதுவரை தாங்கும், எங்கே கைவிடும் என்பதுதான் இங்கே பேச்சு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை சிறுமலைக்கு இது தாராளம். சித்திரை, வைகாசியில் கோடை மழை திடீரென்று இறங்கும், மேலே ஒரு தார்ப்பாய் கட்டினால் சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் இருக்கட்டும். கொடைக்கானல் மேல்மலைக்கு, அதாவது பூம்பாறை, மன்னவனூர் பக்கம், எந்த மாதத்திலும் இதை நம்பி ஏற வேண்டாம்.

மூன்று பேர் என்று அட்டையில் போட்டிருப்பது தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் வரும் கணக்கு. 200 செ.மீ. நீளம், 180 அகலம் என்றால் ஆளுக்கு 60 செ.மீ. பைகளுக்கு இடமில்லை. சுவர் சாய்வாக இறங்குவதால் ஆறடி ஆளுக்குத் தலையோ காலோ துணியில் முட்டும். இரண்டு பேர், இரண்டு பை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இந்த டென்ட்டைப் பற்றி அதிகம் கேட்கும் புகார் 'ஒழுகுகிறது' என்பது. பாதி நேரம் அது ஒழுக்கே இல்லை. உள்ளே படுத்தவர்களின் மூச்சும் உடம்பு ஈரமும் ஒரு ராத்திரியில் அரை லிட்டருக்குக் குறையாமல் வெளியே வரும். நீர் புகாமலிருக்கப் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுப் பூசிய துணி அதை வெளியே விடாது. விடியற்காலையில் துணி குளிர்ந்ததும் அத்தனையும் உள்பக்கம் முத்து முத்தாகப் படிந்து, யாராவது முட்டினால் தலையில் உதிரும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். டார்ச் அடித்துப் பாருங்கள்: சுவர் முழுக்கச் சீராகப் பொடித்துளி இருந்தால் அது மூச்சு. தையல் ஓரமாகக் கோடு போட்டு இறங்கியோ மூலையில் தேங்கியோ இருந்தால் அது ஒழுக்கு. முதலாவதற்கு மருந்து காற்றுதான். குளிருக்குப் பயந்து வலை ஜன்னலை இறுக மூடாமல், வாசல் ஜிப்பிலும் மேலே ஒரு சாண் திறந்து வையுங்கள். வெளிக்கூரையின் நாலு மூலைக் கயிற்றையும் இழுத்துக் கட்டி, உள்துணியில் படாமல் விலக்கி நிறுத்துங்கள். ரொம்பப் பேர் அந்தக் கயிற்றைப் பையை விட்டே எடுப்பதில்லை.

உண்மையான ஒழுக்கு தையலில்தான் வரும். துணியில் எழுதியிருக்கும் 1,000 மி.மீ., 2,000 மி.மீ. என்பது எவ்வளவு உயர நீர்த்தூணின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்ற அளவு. ஊசி போன துளைக்கு அந்தக் கணக்குச் செல்லாது. வாங்கியதும் மொட்டை மாடியில் கட்டி, ஹோஸ் பைப்பில் பத்து நிமிஷம் நனையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து நீர் கசியும் இடத்தைச் சாக்பீஸால் குறிக்கட்டும். நன்றாகக் காய்ந்தபின் உள்பக்கத் தையல் மேல் யூரித்தேன் வகை சீலரைச் சின்ன பிரஷ்ஷால் தடவி ஒரு நாள் காய விடுங்கள். பாத்ரூம் டைல்ஸுக்குப் போடும் சிலிக்கான் இந்தப் பூச்சில் பிடிக்காது, இரண்டு மடிப்பில் உரிந்து வந்துவிடும். காய்ந்த இடத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் மடிக்கும்போது துணியோடு துணி ஒட்டாது.

அடியில் விரிக்கும் தார்ப்பாயை டென்ட்டின் தரையைவிடச் சுற்றிலும் நாலு விரல் உள்ளடங்கி வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுவரில் வழியும் மழைத் தண்ணியை எல்லாம் அதுவே வாங்கி உங்கள் முதுகுக்கு அடியில் சேர்த்துவிடும். மேலே கட்டும் தார்ப்பாய்க்கு 15க்கு 12 அடி போதும். இரண்டு மரத்துக்கு நடுவே ஆளுயரத்தில் கயிறு இழுத்து, காற்று வரும் பக்கம் தாழ்வாக இறக்கிக் கட்டுங்கள். மரத்துக்கும் தார்ப்பாய்க்கும் இடையில் அந்தக் கயிற்றில் ஒரு துணித்துண்டைக் கட்டித் தொங்கவிட்டால், மரத்திலிருந்து கயிறு வழியே ஓடிவரும் தண்ணி அங்கேயே சொட்டிவிடும்.

இந்த டென்ட்டின் பலவீனம் கம்பி. ஃபைபர் கம்பி வளைப்பதால் உடைவது குறைவு, சரியாகச் சொருகாததால் பிளப்பதே அதிகம். ஒரு துண்டு அடுத்த துண்டின் இரும்பு வாய்க்குள் முழுசாக உட்காராமல் விளிம்பில் நின்றால், வளைத்த உடனே நீளவாக்கில் கீறிவிடும். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே தூக்குங்கள். துணிக் குழாய்க்குள் கம்பியைத் தள்ளித்தான் செருக வேண்டும், தள்ளித்தான் கழற்ற வேண்டும். இழுத்தால் நடுவில் இணைப்பு பிரிந்து துணியைக் கவ்விக்கொள்ளும். மடிக்கும்போது நடுத் துண்டிலிருந்து தொடங்கினால் உள்ளே ஓடும் எலாஸ்டிக் ஒரே பக்கமாக இழுபடாது. கீறிய இடத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், கண்ணாடி நார் சிலாம்பு ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கம்பியை விடக் கொஞ்சம் பெரிய துளையுள்ள ஒரு சாண் அலுமினியக் குழாயும் இன்சுலேஷன் டேப்பும் பையில் கிடந்தால், முறிவின் மேல் குழாயை நகர்த்தி இரு முனையிலும் டேப் சுற்றி அந்த ராத்திரியை ஓட்டிவிடலாம்.

கூட வரும் ஆணிகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஒன்றுமில்லை. சிறுமலை எஸ்டேட் மண் இலைமக்கு சேர்ந்து பொதபொதவென்று இருக்கும், அந்தக் குச்சி ஆணி கையோடு வந்துவிடும். வெல்டிங் பட்டறையில் 8 மி.மீ. கம்பியை ஓரடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி மறுமுனையைக் கொக்கியாக வளைத்துத் தரச் சொல்லுங்கள். எட்டு ஆணி போதும். டென்ட்டுக்கு எதிர்ப்புறமாகத் தலையைச் சாய்த்து அடிக்க வேண்டும். பாறைத் தரையில் ஆணி இறங்காது, கயிற்றைத் தலையளவுக் கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கல் ஏற்றுங்கள். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியே நடக்கிற காரியம். ஆனி, ஆடியில் தேனிப் பக்கம் இரண்டு கம்பி டென்ட்டைக் கொண்டு போகாதீர்கள்.

குளிருக்கும் இதில் ஒன்றுமில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போல வெப்பம் குறையும். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டி. மார்கழியில் அங்கே புல்லில் உறைபனி படியும். கோரைப்பாய் தரைக் குளிரைத் தடுக்காது, ஃபோம் விரிப்பு வேண்டும். எவ்வளவு குளிர்ந்தாலும் டென்ட்டுக்குள் கேஸ் அடுப்போ கரி அடுப்போ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார்.

எங்கே கட்டுவது என்பதும் டென்ட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் டென்ட் போட முடியாது. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது, அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். இரண்டையும் மறந்துவிடுங்கள். சிறுமலையில் பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு போடுவதே வழி. அங்கே மிளகுக்கும் காப்பிக்கும் வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தடியைத் தவிருங்கள், காற்றில் கிளை பட்டென்று முறியும். காய் இருக்கிற பலாவின் அடியும் வேண்டாம். காட்டுமாட்டுக் குளம்புத் தடம் தெரிந்தால் அந்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலகுங்கள், பழமும் சோறும் வண்டிக்குள் இருக்கட்டும். மாசி, பங்குனியில் தீ மூட்டவே வேண்டாம். குரங்கணிக் காட்டுத்தீயில் 2018 மார்ச்சில் 23 உயிர் போனது இந்தக் காய்ந்த புல் பருவத்தில்தான்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஈரத்தோடு சுருட்டி மதுரை வெயிலில் கார் டிக்கியில் விட்டால் பி.யூ. பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த நாற்றம் அடிக்கும், பிறகு செதிலாக உதிரும். அதற்கு ரிப்பேர் கிடையாது. நிழலில் காய விடுங்கள். நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் போட்டால் துணி நைந்துவிடும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கடை வாசலிலேயே ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது: உள்பக்கம் பிசுபிசுப்பு, கம்பியில் வெள்ளைக் கீறல், ஜிப் மூடியபின் பின்னால் பல் பிரிகிறதா என்று. ஜிப் மட்டும்தான் கோளாறு என்றால் ஓடும் கட்டையைக் குறட்டால் லேசாக அழுத்திச் சரிசெய்யலாம். வாங்குகிறவர்கள் இன்னும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூடப் போட்டாலும் பரவாயில்லை, வெளிக்கூரை தரைக்கு ஒரு சாண் மேலே வரை இறங்கும் மாடலாகக் கேளுங்கள். தார்ப்பாய் கட்டும் வேலையில் பாதி மிச்சம்.