டிசைன் படிப்புகள் ஐந்து: எதில் தவறு எப்போது தெரியும்?

டிசைன் படிக்கப் போகிறேன் என்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “எனக்கு நல்லா வரைய வரும்.” நல்ல விஷயம்தான். ஆனால் எந்த டிசைன் என்று முடிவு செய்ய அது துளியும் உதவாது, ஏனென்றால் வரைவது எல்லாப் பிரிவிலும் உண்டு. “சரி, என்ன செய்யப் பிடிக்கும்? போஸ்டரா, நாற்காலியா, ஆப்பா, உடுப்பா, அறையா?” என்று அடுத்துக் கேட்பார்கள். அது பாதிக் கேள்வி. நாற்காலி பிடிப்பது வேறு, நாற்காலி செய்யக் கற்றுக்கொள்ளும் சில வருட வேலை பிடிப்பது வேறு.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது: இந்தப் பிரிவில் நான் செய்யும் தவறு எனக்கு எப்போது தெரியவரும்? தெரியும்போது எத்தனை நாள் உழைப்பு குப்பைக்குப் போகும்? அதைத் தாங்கும் மனசு ஆளுக்கு ஆள் மாறும். கிராஃபிக், பொருள் வடிவமைப்பு, யூஎக்ஸ் (ஆப், மென்பொருள் பக்கம்), ஃபேஷன், இன்டீரியர் ஆகிய ஐந்தையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் கல்லூரிக் கையேடுகள் சொல்லாத சில வித்தியாசங்கள் தெரியும்.

அதற்கு முன் முதல் வருடம். பல கல்லூரிகளில் இது எல்லாருக்கும் பொது. புள்ளி, கோடு, நிறம், தாளை மடித்து நிற்க வைப்பது என்றே போகும். இந்த வழக்கத்துக்கு ஒரு நூற்றாண்டு வயது. 1919-ல் ஜெர்மனியின் வைமாரில் பாவ்ஹவுஸ் டிசைன் பள்ளி தொடங்கியபோது, யோஹான்னஸ் இட்டன் அங்கே ஒரு முன்படிப்பை உருவாக்கினார். அதைத் தாண்டினால்தான் மரப் பட்டறைக்கோ நெசவுப் பட்டறைக்கோ போக முடியும். பிற்பாடு அதே படிப்பில் பாடம் எடுத்த யோசஃப் ஆல்பர்ஸ் மாணவர்கள் கையில் வெறும் தாளைக் கொடுத்து, கழிவு இல்லாமல் இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பார். இன்றைக்கும் முதல் பருவத்தில் ஏறக்குறைய அதே தாள்தான் வருகிறது. ஆப் டிசைன் செய்ய வந்தவனை எதற்கு வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே பத்துச் சாம்பல் படிகள் பூசச் சொல்கிறார்கள் என்று எரிச்சல் வரும். ஏழாவது படிக்கும் எட்டாவது படிக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணோடு அடுத்த வருடம் போனால் எதுவும் பிடிபடாது. அதற்காகத்தான் அந்தப் பூச்சு.

முதல் வருடத்தில் பழகவேண்டிய இன்னொன்று ஜூரி. செய்ததைச் சுவரில் குத்திவைத்து, பக்கத்தில் நின்று, ஆசிரியர்களும் வெளியாட்களும் சொல்வதைக் கேட்க வேண்டும். பரீட்சைத்தாள் திரும்பி வந்தால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஜூரியில் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தப் பிரிவுக்குப் போனாலும் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இனி பிரிவுகள். கிராஃபிக் டிசைனில் தவறு கால் மணி நேரத்தில் தெரியும். ஒரு போஸ்டரை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி நாலடி பின்னால் போய் நின்றால் போதும், தலைப்பு பின்னணியோடு மங்கிப்போவது கண்ணில் குத்தும். திருத்து, மறுபடி அச்செடு, மறுபடி ஒட்டு. ஒரே நாளில் பத்து முறை தோற்கலாம், பத்து முறை எழுந்துகொள்ளலாம். பொறுமை குறைந்தவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் இங்கே முக்கால்வாசிப் பயிற்சி படம் வரைவதில் இருக்காது, எழுத்தில் இருக்கும். ஒரு பருவம் முழுக்க எழுத்து மட்டும்தான். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி, வரிக்கும் வரிக்கும் நடுவே இடைவெளி, பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பிரிப்பது. அளவு பாயிண்டில், அதாவது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கில் நடக்கும். தமிழில் வேலை செய்தால் தலைவலி ஒரு பங்கு கூட. கி, கீ போன்றவை மேலே எகிறும், கு, கூ போன்றவை கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். அப்புறம் அச்சகத்தின் கணக்குகள். ஓரத்தில் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும், படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். திரையில் பளபளத்த பச்சை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளுக்குள் வந்ததும் சோர்ந்துபோகும். இதை ஒருமுறை நேரில் பார்த்து ஏமாந்த பிறகுதான் யாரும் கற்றுக்கொள்கிறார்கள்.

தவறு சீக்கிரம் தெரிவதில் ஒரு கெடுதலும் உண்டு. திருத்துவது எளிது என்பதால் வேலை முடியவே முடியாது. ஒரு லோகோவுக்கு நாற்பது வடிவம் போட்டுவிட்டு, மூன்றாவதாகப் போட்டதற்கே திரும்பி வருவது இங்கே தினசரி நடப்பு. தவிர, எழுத்தும் படமும் எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் கருத்துச் சொல்லாத ஆளே இருக்க மாட்டார்.

பொருள் வடிவமைப்பு இதற்கு நேர் எதிர். இங்கே தவறு மூன்று வாரம் கழித்து வந்து கதவைத் தட்டும். தாளில் வரைந்த கைப்பிடி அழகாக இருக்கும். அட்டையில் செய்தால் பரவாயில்லை போல இருக்கும். பிறகு ஃபோமை அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கையில் பிடித்தால் கட்டைவிரல் வைக்க இடம் இருக்காது. வலுவாகப் பிடிக்கவேண்டிய கைப்பிடி ஏறக்குறைய 30 முதல் 40 மி.மீ. தடிமன் இருந்தால் பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும் என்று எர்கோனாமிக்ஸ், அதாவது பொருளை உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் பாடத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்தவர்களும் 22 மி.மீ.யில் ஒன்று செய்வார்கள், வரைபடத்தில் அதுதான் ஒயிலாகத் தெரியும் என்பதால்.

இந்தத் தேய்ப்பு வேலையைப் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிப்பதில்லை. நாளெல்லாம் தூசி, முகத்தில் மாஸ்க், விரல் நுனியில் காய்ப்பு. கணினியில் முப்பரிமாணத்தில் வரைந்து பிரிண்ட் எடுத்தால் போகிறது என்று நினைக்கலாம். பிரிண்டர் ஒரே இரவில் உருவத்தைத் தந்துவிடும், நிஜம்தான். அதன் மேல் அடுக்கடுக்காக வரும் வரிகளைப் போக்க மறுபடி உப்புத்தாள்தான்.

அடுத்தது, தயாரிப்பு முறை. பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றிச் செய்யும் பொருளின் பக்கச்சுவர் நேர் செங்குத்தாக இருந்தால் அச்சை விட்டுச் சுலபத்தில் வெளியே வராது. ஒன்றிரண்டு டிகிரியாவது சாய்வு வேண்டும். சுவரின் தடிமன் ஓரிடத்தில் மட்டும் கூடினால் அந்த இடம் ஆறும்போது உள்வாங்கிக் குழி விழும். இதெல்லாம் பொறியியல் இல்லையா என்றால், கணக்குப் போடும் அளவுக்கு இல்லை, பொறியாளரோடு உட்கார்ந்து சண்டை போடும் அளவுக்குத் தெரிந்தால் போதும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஒட்டுப்பலகையை வளைக்கக் கற்ற கதை இந்தப் பிரிவின் குணத்தைச் சொல்லிவிடும். தங்கள் குடியிருப்பிலேயே ஒரு அழுத்து இயந்திரத்தைக் கட்டிப் பலகையை வளைத்துப் பார்த்தார்கள். அந்த முயற்சியில் முதலில் பெரிய அளவில் உருப்பட்டது நாற்காலி இல்லை. உடைந்த காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்தது. ஒட்டுப்பலகை நாற்காலி போருக்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது. இவ்வளவு தாமதமாக வரும் பதிலுக்குக் காத்திருக்க முடியும் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வரலாம். என் மனசு இந்தப் பக்கம்தான் சாயும், மறைக்கவில்லை.

யூஎக்ஸ், அதாவது மென்பொருளை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று வடிவமைப்பது, இன்னொரு மாதிரி. இதில் உங்கள் தவறு உங்களுக்குத் தெரியவே தெரியாது. வேறு ஒருவர் வந்து உட்கார வேண்டும். மூன்று வாரமாக நீங்கள் செதுக்கிய திரையின் முன் உட்கார்ந்து, நட்ட நடுவில் இருக்கும் பட்டனைப் பார்க்காமல் அவர் மூலையைத் தேடுவார். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. “அதோ அங்கே இருக்கு” என்று சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்தப் படிப்பின் கடினமான பாடம் என்பேன்.

ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், அழகழகான திரைகள் வரைவோம் என்று வந்தவர்கள் பாதி நேரம் மஞ்சள் ஒட்டுத்தாள்களில் பேட்டிக் குறிப்புகள் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். தாளில் பென்சிலால் வரைந்த திரைகளை வைத்தே முதல் சோதனைகள் நடக்கும். எழுத வராதவர்களுக்கு இங்கே கஷ்டம். ஒரு பட்டனில் என்ன வார்த்தை போடுவது என்று அரை நாள் போகும்.

கருவிகள் மாறும் வேகமும் இங்கேதான் அதிகம். ஃபோட்டோஷாப்பில் திரை வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு 2010-ல் ஸ்கெட்ச் என்ற மென்பொருள் வந்தது, 2016-ல் ஃபிக்மா வந்தது. முதல் வருடம் கற்ற மென்பொருள் கடைசி வருடம் வழக்கொழிந்திருக்கலாம். பாடத்திட்டத்தில் மென்பொருள் பெயர்கள் வரிசைகட்டி நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். கிராஃபிக்கா யூஎக்ஸா என்று ஊசலாடுகிறவர்களுக்கு ஒன்று: எழுத்து வடிவங்களை ஒழுங்காகக் கற்றவர்கள் பிற்பாடு திரைப் பக்கம் போவது சுலபம். திரையில் தொடங்கியவர்கள் அவற்றைப் பிற்பாடு கற்பது நடக்காத காரியமில்லை, ஆனால் யாரும் உட்கார்ந்து கற்பதில்லை.

ஃபேஷனில் தவறு உடம்பின் மேல் தெரியும். படிப்பு என்றால் ஒல்லியான உருவங்களுக்கு உடுப்பு வரைவது என்று வெளியே நினைக்கிறார்கள். அந்த வரைபடத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. ஃபேஷன் உருவத்தை ஒன்பது தலை உயரத்துக்கு வரைவது வழக்கம். நிஜ மனிதர் சுமார் ஏழரைத் தலைதான். தாளில் தொங்கிய நீளமான கோடு நிஜ இடுப்புக்கு வரும்போது எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

அதனால் நல்ல துணியில் நேராகக் கை வைக்க மாட்டார்கள். முதலில் காடாத்துணியில் வெட்டி, பொம்மையின் மேல் குத்தி, டாட் பிடித்து (உடம்போடு ஒட்ட அங்கங்கே மடித்துத் தைத்து), பிரித்து, மறுபடி வெட்டுவார்கள். தட்டையான துணி உருண்டையான உடம்பைச் சுற்ற வேண்டும், சிக்கல் எல்லாம் அதில்தான். பாவு நூல் ஓடும் திசைக்கு 45 டிகிரி சாய்த்து வெட்டினால் துணி இழுபட்டு உடம்போடு படியும். பிரெஞ்சு ஃபேஷன் டிசைனர் மடலீன் வியோனே இதற்குப் பேர்போனவர். சிறிய மரப் பொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்தே தன் உடுப்புகளை உருவாக்கினார். பொருள் வடிவமைப்பில் ஃபோமைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் பட்டியால் நிரப்பலாம். வெட்டிய பட்டுத்துணியை ஒட்ட வழியில்லை. ஐந்தில் அதிக நேரம் கைவேலை கேட்பதும் இதுதான். தையல் இயந்திரத்தோடு சிநேகம் இல்லாதவர்கள் சீக்கிரமே திணறுவார்கள்.

இன்டீரியரைப் பற்றிச் சுருக்கமாக. கல்லூரியில் இருக்கும்வரை இதில் தவறு தெரியவே தெரியாது, ஏனென்றால் எதையும் கட்டப் போவதில்லை. 1:50-ல், அதாவது நிஜத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் வரைபடம், 1:20-ல் மாடல், அவ்வளவுதான். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும், படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி மிதி அகலத்தைக் கூட்டினால் 63 செ.மீ. அருகே வர வேண்டும் என்ற மாதிரி விதிகள்தான் கைத்தடி. மீதியைத் தலைக்குள் நடந்து பார்க்க வேண்டும். கட்டடக் கலையோடு ஒப்பிட்டால் கட்டமைப்புக் கணக்கு குறைவு, வெளிச்சம், பொருள்களின் தன்மை பற்றிய பாடம் அதிகம். நிரூபித்துக் காட்ட அறை இல்லாததால் ஜூரியில் வாய்ச்சண்டையும் அதிகம்.

ஜூரிக்கு முந்தைய கடைசி ராத்திரி வேலையைக் கட்டடக் கலை மாணவர்கள் “ஷாரெட்” என்பார்கள். பாரிஸின் எக்கோல் தே போஸார் கலைப் பள்ளியில் வரைபடங்களைத் திரட்டிப்போன தள்ளுவண்டியின் பெயர் அது. வண்டியில் ஏறி உட்கார்ந்து போகிற வழியிலேயே வரைந்து முடித்தார்களாம். கதை சுவையானதுதான், ஆனால் தூங்காமல் இருந்ததைத் திறமையின் அடையாளமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தூக்கக் கலக்கத்தில் பிளேடைப் பிடிப்பது விரலுக்கு ஆபத்து.

கல்லூரியைப் பார்க்கப் போனால் வரவேற்பறையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டிப் பட்டறைக்குப் போங்கள். ஒரு இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்கள், மாலையில் எத்தனை மணிவரை திறந்திருக்கும், மூலையில் உடைந்த மாடல்கள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். தரை பளிச்சென்று இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

சேர்வதற்கு முன் வீட்டிலேயே ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ருசி பார்க்கலாம். கிராஃபிக் என்றால், நெரிசலான ஒரு கால அட்டவணையை ஒரே எழுத்துரு, இரண்டே அளவில் மறுபடி அமையுங்கள். பொருள் என்றால், அட்டையை மட்டும் வைத்து, பசை இல்லாமல், ஒரு தடித்த புத்தகத்தைத் தாங்கும் ஸ்டாண்டு ஒன்று செய்யுங்கள். யூஎக்ஸ் என்றால், வீட்டில் ஒருவரிடம் புதிய ஆப் ஒன்றைக் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் பேசாமல் பாருங்கள். ஃபேஷன் என்றால், பழைய சட்டை ஒன்றின் தையலை எல்லாம் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு மறுபடி தைத்துவிடுங்கள். இன்டீரியர் என்றால், நீங்கள் இருக்கும் அறையை டேப்பால் அளந்து 1:50-ல் வரையுங்கள். மறக்காமல் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துகொள்ளுங்கள். இத்தனை நாள் நேர்செவ்வகம் என்று நினைத்த அறையில் அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே அளவு இருக்காது.