பார்க்கின்சன் நடைக் குழு: அண்ணனைச் சேர்க்கலாமா என்று கேட்ட தோழிக்கு

மார்த்தாண்டத்தில் இருக்கும் தோழி போன வாரம் போனில் கேட்டாள்: "எங்க அண்ணனுக்கும் பார்க்கின்சன்னு சொல்லிட்டாங்க. நீ போற நடைக் குழுவுல சேக்கலாமா?" யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான் அந்தக் குழுவில் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை.

நாகர்கோவிலில் ஒரு பள்ளி மைதானத்தில் காலையில் நடக்கிறோம். நோய் உள்ளவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், உதவிக்கு வருகிற சில பேர். இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒரு ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவருக்கும் இதே நோய்தான். முன்னால் நடந்துகொண்டே "லெஃப்ட், ரைட்" என்று சொல்லிக்கொண்டு போவார், பின்னால் நாங்கள்.

மைதானத்து கேட்டைத் தாண்டும் இடத்தில் எனக்குக் கால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே சாயும், பாதம் வராது. குறுகலான இடங்களில், வாசல்படிகளில் பார்க்கின்சன்காரர்கள் பலருக்கும் இது உண்டு. அப்போது கையைப் பிடித்து இழுத்தால் விழத்தான் செய்வோம். மாஸ்டர் இழுக்கமாட்டார். "நிக்கட்டும் டீச்சர், அவசரமில்ல. பாரத்த இடது காலுக்குக் கொண்டுபோங்க. இப்ப, ரைட்." வலது கால் எழுந்துவிடும். முதல் தடவை அப்படி எழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்குக் காரணம் இருக்கிறது. நடை என்பது யோசிக்காமல் தானாக நடக்கிற வேலை. மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் குறையும்போது அந்தத் 'தானாக' போய்விடுகிறது. ஒவ்வொரு எட்டையும் கவனம் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு தாளமோ தரையில் ஒரு கோடோ கிடைத்தால் கால் அதைப் பிடித்துக்கொண்டு போகும். பள்ளி விளையாட்டு விழாவுக்குக் குறுக்கே போட்ட சுண்ணாம்புக் கோடுகள் அழியும்வரை எங்கள் எல்லோருடைய எட்டும் நீளமாக விழுந்தது. திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இனி கோபம். நடக்கும்போது பேச்சுக் கொடுக்கிறார்கள்! "என்ன டீச்சர், மக பெங்களூர்லேந்து வந்தாச்சா?" பதில் சொல்ல வாய் திறந்ததும் எட்டு சுருங்கும், கைவீச்சு நிற்கும், பெருவிரல் தரையில் உரசும். இருக்கிற கவனம் அத்தனையும் காலுக்கே பத்தாதபோது அதில் பாதியை நாக்குக்கு எப்படிக் கொடுப்பது? போன மாதம் ஒருவர் திரும்புகிற இடத்தில் யாரோ கேட்ட கேள்விக்குத் தலையைத் திருப்பினார். முட்டியில் அடிபட விழுந்தார். திரும்புவதே எங்களுக்குக் கண்டம். நின்ற இடத்தில் சுழலாமல், வட்டமடித்து அகலமாகத் திரும்ப வேண்டும்.

இந்த நோய் குரலையும் இறக்கிவிடும். மைதானம் முழுக்கக் கேட்ட குரல் மாஸ்டருக்கு. இப்போது நாலு பேர் சேர்ந்து பேசினால் அவர் எண்ணுவது மூன்றாவது ஆளுக்குக் கேட்பதில்லை. நமக்குப் பலன் கொடுப்பதே அந்த எண்ணிக்கைதான், அதை ஊர்க்கதை அமுக்கிவிடுகிறது. பொறுப்பாளர்களிடம் பல தடவை சொல்லிவிட்டேன். "மனசு விட்டுப் பேசினா நல்லதுதானே டீச்சர்" என்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மனச்சோர்வு இந்த நோயோடு கூடவே வருவது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் இங்கே வந்து சிரித்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். நடந்து முடித்து உட்கார்ந்து சாயா குடிக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். நானும் பேசுகிறேன்.

நேரமும் சரியில்லை. நடக்கிற ஆறு மணிக்கு, டோபமைன் குறைவை ஈடுகட்டுகிற லெவோடோபா மாத்திரை பிடித்திருக்காது, உடம்பு விறைப்பாகவே இருக்கும். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் நடப்பதுதான் பாதுகாப்பு. ஒவ்வொருவருக்கும் அந்த நேரம் வேறு என்பதால் இதற்காக அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் பள்ளி வராந்தாவில் நடத்துகிறார்கள். தூணும் கதவுமாக இருக்கும் அந்த இடத்துக்கு நான் போவதில்லை.

என் எட்டு நீண்டிருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்கிறார், பிசியோதெரபிஸ்ட்டும் சொல்கிறார். குழுவால் வந்ததுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால், அண்ணனை இங்கே சேர்க்காதே என்றுதான் சொல்வேன். மார்த்தாண்டத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்து, விறைத்த காலோடு ஊர்க்கதைக்குப் பதில் சொல்லிக்கொண்டு அவர் நடக்க வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உங்கள் பக்கத்திலேயே மூன்று நாலு பேரைச் சேருங்கள். மாத்திரை பிடித்த பிறகு, சமதளமான அகலமான இடத்தில், குதிகாலைப் பிடிக்கிற செருப்போ ஷூவோ போட்டு நடக்கட்டும். உன் மகன் பக்கத்தில் நடந்து, சத்தமாக எண்ணட்டும். வேறு எதுவும் பேசவேண்டாம் என்று அவனிடம் முதல் நாளே சொல்லிவிடு.