திருகோணமலை வாறவை கவனம்: "கடல் வத்தினா மூழ்கின கோயில் தெரியும்" எண்டு காசு கேட்டா குடுக்காதேங்கோ

வட்ஸ்அப்பில ஒரு விளம்பரம் சுத்துது. பொழுதுபடேக்க கடல் வத்துமாம், போர்த்துக்கீசர் இடிச்சுக் கடலுக்க தள்ளின கோணேசர் கோயில்ட தூண் மலைக்குக் கீழ வெளிய தெரியுமாம், போட்டில கூட்டிக்கொண்டு போய் இறக்கிக் கும்பிட விடுவாங்களாம், தலைக்கு 4,500 ரூவா. தயவுசெய்து ஒருத்தரும் காசு போடாதேங்கோ.

வவுனியாவில இருந்து வந்த அம்மாவும் பெரியம்மாவும் ஆசைப்பட்டு எனக்குச் சொல்ல முதலே அட்வான்ஸ் போட்டிட்டினம், தனிய விடேலாம நாங்களும் ஏறினனாங்கள். நாலரைக்கு வரச் சொன்னவன் வந்தது ஆறு மணி கிட்ட. அவ்வளவு நேரமும் அம்மா அரிச்சனைத் தட்டை மடியில வச்சுக்கொண்டு டச் பே கடற்கரை மண்ணில இருந்தவ, செவ்வரத்தம்பூ எல்லாம் வாடிப்போச்சு. ஆறு பேருக்கு மூண்டு லைஃப் ஜாக்கெட், அதில ஒண்டுக்கு வாரே இல்ல. மலையைச் சுத்திக் கிழக்குப் பக்கம் போகேக்கயே இருட்டு, பின்ன எப்பிடி, சூரியன் மறையுறது ஊர்ப்பக்கம், இராவணன் வெட்டு எண்டுற மலைப் பிளவுக்குக் கீழ பின்னேரத்தில வெயிலே விழாது. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு போன் டோர்ச்சைத் தண்ணிக்கு அடிச்சு "அந்தா கறுப்பாத் தெரியுதே, அதான் தூண், கும்பிடுங்கோ அம்மா" எண்டான். பாசி பிடிச்ச பாறை அது. அம்மா பாவம் அதுக்கும் கை கூப்பினவ, எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சுது. திரும்பேக்க கடலுக்க வச்சே பெற்றோலுக்கு எண்டு இன்னும் 3,000 கேட்டான், பெரியம்மாக்குச் சத்தி வேற, குடுக்காம என்ன செய்யிறது. கரையில காசைத் திருப்பிக் கேட்டா "இண்டைக்குக் கடல் வத்தேல்ல, அது சாமிட விருப்பம்" எண்டு சொல்லுறான். சாமியை இழுத்ததுதான் தாங்கேலாமப் போச்சு.

இஞ்ச பிறந்து வளந்த ஆரிட்டயும் கேளுங்கோ, எங்கட கடல் வத்துறதுக்கும் பெருகிறதுக்கும் வித்தியாசம் 1 மீட்டர் கூட வராது. 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவற்ற கூட்டாளி மைக் வில்சனும் கடலுக்க கிடந்த அந்தக் கோயில் கல்லுகளைக் கண்டது காத்துச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சுழியோடித்தான். விளம்பரத்தில போட்டிருக்கிற படம் பாலித்தீவில இருக்கிற தானா லொட் கோயில், அண்ணாட மகன் பாத்த உடன சொல்லிட்டான். அது மேற்குப் பாத்த கரை, அங்க சூரியன் கடலுக்க மறையும், கடல் வத்தினா பாறைக்கு நடந்து போகலாம், அதெல்லாம் உண்மை. எங்கட கோணேசர் இருக்கிறது கிழக்குக் கரை. கடலில சூரியனைப் பாக்கோணுமெண்டா விடியக்காலம வாங்கோ.

இப்ப மலையில இருக்கிற கோயிலுக்குப் போக போட்டே தேவையில்ல. பிரெட்ரிக் கோட்டை வாசலால உள்ளுக்கு வந்து, மான் மேயிறதைப் பாத்துப் பாத்து ஆறுதலா ஏறி, பூசையும் பாத்திட்டு இராவணன் வெட்டுப் பக்கம் நிண்டா கடல் வடிவாத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில வாடை தொடங்கினா கடல் பொல்லாதது, அந்த நேரம் ஆர் கூப்பிட்டாலும் மலைப்பக்கம் போட்டில போகாதேங்கோ. ஜாக்கெட் இல்லாம எந்த மாசமும் ஏறாதேங்கோ.

ஏற்கனவே காசு போட்டவை பாங்க் சிலிப்பையும் மெசேஜையும் அழிக்காதேங்கோ. நான் பொலிஸில என்ட்ரி போட்டிட்டன், இன்னும் ரெண்டு மூண்டு குடும்பம் சேந்தா கேஸ் பலமா நிக்கும், இன்பொக்ஸில வாங்கோ.