1989 இ30-க்கு எம்50 இன்ஜின்: மூன்று வருடம், 27,000 மைல்

என்னிடம் இருப்பது 1989 மாடல் பிஎம்டபிள்யூ 325ஐ. நான்கு கதவு, மேனுவல் கியர், இ30 என்று சொல்கிற அந்தப் பெட்டி வடிவ வண்டி. இதில் 1993 மாடல் 325ஐயிலிருந்து கழற்றிய எம்50 இன்ஜினை ஏற்றி மூன்று வருடம் ஆகிறது. 27,000 மைல் ஓடிவிட்டது. ஏற்றிய கையோடு அனுபவத்தை எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். முதல் மாதத்தில் எந்த இன்ஜினும் இனிக்கத்தான் செய்யும். மூன்று கோடையும் மூன்று மழைக்காலமும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பழைய இன்ஜின் போனதற்குக் காரணம் ஒரு ரப்பர் பெல்ட். இந்த வண்டியோடு வந்த எம்20 இன்ஜினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட். 60,000 மைலுக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, மாற்றியே ஆக வேண்டும். எனக்கு விற்றவர் மாற்றியாச்சு என்றார். ரசீது கேட்டேன், தேடித் தருகிறேன் என்றார், வரவே இல்லை. நானும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு காலை, 280 நெடுஞ்சாலையில் போகும்போது ஆர்பிஎம் முள் அப்படியே சரிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. இருந்த வேகத்தில் உருட்டி ஓரம் கட்டினேன். வீட்டுக்கு இழுத்து வந்து வால்வ் கவரைத் திறந்தால், வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்ம் மூன்று ஒடிந்து கிடந்தன. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால், மேலே வரும் பிஸ்டன் திறந்து நிற்கிற வால்வை முட்டிவிடும்.

எம்20-ஐயே சரிசெய்திருக்கலாம். நல்ல இன்ஜின் அது, அதன் சத்தத்துக்காகவே பலர் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹெட் வேலைக்கு ஆகிற செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள, 24 வால்வ் இன்ஜினே ஏற்றிவிடலாம் என்று கணக்கு வந்தது. மறுபடியும் ஒரு பெல்ட்டை நம்பி மலைப்பாதையில் போக மனசும் வரவில்லை.

சரி, எந்த இன்ஜின்? இ30-க்கு ஏற்றாத இன்ஜினே கிடையாது என்னும் அளவுக்கு ஆட்கள் ஏற்றியிருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 வரை. நான் கடைசியாக வடிகட்டிக் கையில் வைத்திருந்தவை நான்கு: எம்50, எம்52, எஸ்52, எம்54. நான்குமே பிஎம்டபிள்யூவின் நேர்வரிசை ஆறு சிலிண்டர்.

காகிதத்தில் பார்த்தால் எஸ்52-தான் ராஜா. இ30-க்கு அடுத்த தலைமுறையான இ36-இல், அமெரிக்காவில் விற்ற எம்3 என்ற வேக மாடலின் 3.2 லிட்டர் இன்ஜின், 240 குதிரைத்திறன். எம்54-இன் மூன்று லிட்டர் வகை 225 குதிரைத்திறன், அலுமினிய பிளாக் என்பதால் முன்பக்கம் பாரம் குறைவு. எம்52-இன் 2.8 லிட்டர் 190. எம்50-இன் 2.5 லிட்டர் 189. இந்தக் கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் இழுவையில் வித்தியாசம் தெரியும். எம்52 தருவது 280 நியூட்டன் மீட்டர், எம்50 தருவது 245. நடு வேகத்தில் மிதித்தால் அந்த 35 நன்றாகவே உறைக்கும். எம்52 உள்ள நண்பர் ஒருவரின் 328ஐயை ஓட்டிப் பார்த்தபோது எனக்கே ஆசை வந்தது.

ஆனால் நான் இருப்பது கலிஃபோர்னியாவில். இங்கே இன்ஜின் தேர்வில் பாதியைச் சட்டமே செய்துவிடும். ஏற்றும் இன்ஜின் வண்டியின் வருடத்துடையதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். காருக்குக் கார் இன்ஜின்தான், கனரக வண்டியின் இன்ஜினை வைக்க முடியாது. முக்கியமானது மூன்றாவது விதி: இன்ஜினோடு அதன் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா, அதற்குப் போகும் குட்டிக் குழாய்கள் வரைக்கும். சாதாரண ஸ்மாக் (புகைச் சோதனை) கடைக்காரர் இதற்கு முதல் சான்று தர முடியாது. மாநில அரசின் ரெஃப்ரீ என்கிற சோதனையாளரிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்தியானால் கதவு நிலையில் ஒரு லேபிள் ஒட்டுவார். அதன்பிறகு எந்த ஸ்மாக் கடைக்கும் போகலாம்.

1996 முதல் வந்த இன்ஜின் என்றால் ஓபிடி-2 என்கிற, புகைக் கோளாறுகளை வண்டியே கண்டுபிடிக்கும் அமைப்பு முழுவதும் வேலை செய்ய வேண்டும். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார்கள், ஆவிக் கசிவைச் சோதிக்கும் ஏற்பாடு, சாவியோடு பேசும் இம்மொபிலைசர் என்று எம்52-க்கும் எஸ்52-க்கும் பட்டியல் நீளும். எம்54-க்கு அதற்கும் மேலே எலக்ட்ரானிக் த்ராட்டில் வேறு. செய்ய முடியாது என்றில்லை, செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு வார இறுதி மட்டும்தான் கைவசம், கராஜில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம்.

அந்தச் சமயத்தில்தான் பின்னால் இடிபட்ட ஒரு 1993 325ஐ, அதாவது இ36, முழு வண்டியாக 2,400 டாலருக்குக் கிடைத்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கம்ப்ரஷன் பார்த்தோம், ஆறு சிலிண்டரும் ஒன்றுபோல இருந்தது. ஏர் பாக்ஸ், கரி டப்பா, ஒயரிங், கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாமே அப்படியே. அதே வாரம் ஒருவர் எஸ்52 இன்ஜினை மட்டும் தனியாக விற்றுக்கொண்டிருந்தார். ஒயரிங் பாதி வெட்டுப்பட்டிருந்தது, கம்ப்யூட்டர் இல்லை. பாதியாகக் கிடக்கும் 240 குதிரையைவிட முழுசாக இருக்கும் 189 குதிரை போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். யாராவது என்னிடம் எந்த இன்ஜின் என்று கேட்டால் இன்றைக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: இன்ஜினாக வாங்காதீர்கள், முழு வண்டியாக வாங்குங்கள்.

1993 என்பதில் இன்னொரு லாபம். 1992 செப்டம்பருக்குப் பிறகு வந்த எம்50-இல் இன்டேக் கேமின் நேரத்தை மாற்றும் வானோஸ் உண்டு. உச்ச இழுவையின் அளவு அதேதான், ஆனால் 4,700 ஆர்பிஎம்மில் வந்தது 4,200-லேயே வந்துவிடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு அந்த 500 முக்கியம்.

ஏற்றும்போது சிரமப்பட்ட இடங்கள் இரண்டு. இ36-இன் ஆயில் பேன், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டு, இ30-இன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். பழைய 525ஐயின் பேன், ஆயில் உறிஞ்சும் குழாய், டிப் ஸ்டிக் மூன்றையும் தேடிப் பிடித்தேன். இரண்டாவது, பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர். எம்50-க்குக் காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட் டிரைவர் பக்கம் இருக்கிறது, இங்கே டிரைவர் இடதுபக்கம் என்பதால் பூஸ்டரும் அதே மூலையில். சிறிய பூஸ்டர் போட்டால்தான் இடம் கிடைக்கும். போட்டேன். பெடலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. எனக்குப் பழகிவிட்டது, என் மனைவிக்கு இன்னும் பிடிக்கவில்லை.

பேன் மாற்றும்போது ஆயில் பம்ப் நட்டைப் பார்க்காமல் மூடாதீர்கள். இந்தக் குடும்ப இன்ஜின்களில் அதிக ஆர்பிஎம்மில் அந்த நட்டு கழன்றுவிடும் வழக்கம் உண்டு, கழன்றால் ஆயில் அழுத்தம் சுத்தமாகப் போய்விடும். நட்டில் துளை போட்டுக் கம்பி கட்டிவிட்டோம்.

ஒயரிங்கைப் பார்த்துத்தான் மிகவும் பயந்தேன், கடைசியில் அதுதான் சுலபமாக முடிந்தது. இன்ஜின் ஒயரிங்கின் கம்ப்யூட்டர் பக்கத்தில் கைவைக்கவே வேண்டாம். வண்டியோடு இணையும் உருண்டை கனெக்டரில் மட்டும் கம்பிகளை இ30-க்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். என் வண்டியில் பன்னிரண்டு கம்பி. மாஸ்கிங் டேப்பைக் கிழித்து அ-விலிருந்து ஔ வரை எழுதி இரண்டு பக்கமும் ஒட்டினேன். ‘ஐ’ ஆர்பிஎம் மீட்டருக்கு, ‘ஓ’ பெட்ரோல் பம்ப் ரிலேவுக்கு என்று இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. இரண்டாம் முறை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. முதல் முறை பிடிக்காததற்குக் காரணம் ‘எ’வும் ‘ஏ’வும் இடம் மாறியிருந்ததுதான்.

ரெஃப்ரீயிடம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் டார்ச் அடித்துக் கரி டப்பாவின் குழாய் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனது கண்ணுக்குள் நிற்கிறது. அப்புறம் வண்டியை உருளை மேல் ஏற்றி 15 மைல், 25 மைல் வேகத்தில் புகை அளந்தார். பாஸ். டோனர் காரிலிருந்து, அதாவது இன்ஜின் கழற்றிய அந்த 1993 வண்டியிலிருந்து, எதையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததன் பலன் அது.

இனி ஓட்டுகிற அனுபவம். எம்20-க்கும் எம்50-க்கும் கொள்ளளவு ஒன்றே, 2,494 சிசி. சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும்கூட ஒன்றேதான், 84-க்கு 75 மில்லிமீட்டர். பழையது 168 குதிரை, இது 189. எண்ணில் சின்ன வித்தியாசம். ஓட்டும்போது 4,000 தாண்டியதும்தான் தெரியும்: பழையது மூச்சு வாங்குகிற இடத்தில் இது அப்போதுதான் வாய் திறக்கிறது. லிக் வானாய்வகத்துக்குப் போகும் மவுண்ட் ஹாமில்டன் பாதையில் வளைவுக்கு வளைவு இரண்டாம் கியரிலேயே வைத்து ஏறலாம். வண்டியின் மூக்கு கனத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இ30-இன் ஸ்டீயரிங் கைக்குச் சொல்கிற சேதியை இன்னும் அப்படியே சொல்கிறது. வி8 வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு அதுவே காரணம்.

எஸ்52 ஏற்றிய நண்பர் ஒருநாள் என் வண்டியை ஓட்டிவிட்டு, “உன்னோடது நல்லா இருக்குடா, ஆனா நெடுஞ்சாலையில ஏறும்போது காத்திருக்கணும்” என்றார். உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸ் போகும் வழியில் கிரேப்வைன் ஏற்றத்தில் நான்கு பேரும் ஏசியும் இருந்தால் நான்காம் கியருக்கு இறங்க வேண்டும். அவர் ஐந்திலேயே போகிறார். அவர் வண்டி அந்த நிலைக்கு வர பதினான்கு மாதம் பிடித்தது, எனக்கு ஏழு வார இறுதி.

செலவையும் சொல்லிவிடுகிறேன். டோனர் கார் உட்பட மொத்தம் 6,900 டாலர், கூலி இல்லாமல். பெட்ரோல் 91 ஆக்டேன்தான் ஊற்ற வேண்டும், இதன் கம்ப்ரஷன் 10.5. நெடுஞ்சாலையில் கேலனுக்கு 26 மைல் கிடைக்கிறது, ஊருக்குள் 19.

மூன்று வருடத்தில் வந்த கோளாறுகள்: ஏழாவது மாதத்தில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசிந்தது. வால்வ் கவர் கேஸ்கெட் வழியாக ஸ்பார்க் பிளக் குழியில் ஆயில் இறங்கி ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனது. இரண்டாம் வருடம் கீழ் வேகத்தில் இழுவை குறைந்து, முன்பக்கத்தில் கிலுகிலுப்பை போல ஒரு சத்தம். வானோஸ் சீல் இறுகிப்போயிருந்தது. முப்பது வருட ரப்பர் இறுகாமல் என்ன செய்யும். புது சீல் போட்டதும் இழுவை திரும்பி வந்தது, சத்தம் மட்டும் கொஞ்சம் பாக்கி. இவை மூன்றையும் இன்ஜின் வெளியே ஸ்டாண்டில் இருந்தபோதே ஒரு மதியத்தில் முடித்திருக்கலாம். நல்லாத்தானே இருக்கு என்று விட்டது என் தவறு. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், அதன் ஹவுசிங், ஹோஸ் எல்லாவற்றையும் ஏற்றும் முன்பே புதிதாகப் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தொந்தரவு இல்லை. ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் 40 டிகிரி வெயிலில் டிராஃபிக்கில் நின்றபோதும் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகரவில்லை.

திருத்த வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில், வண்டியின் பழைய 3.73 விகிதத்தையே வைத்திருக்கிறேன். மலைப்பாதைக்கு அமிர்தம், ஆனால் 70 மைல் வேகத்தில் இன்ஜின் 3,660 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. இரண்டு மணி நேரத்தில் காது வலிக்கும். ஒரு 325இ-யின் 2.93 கிடைத்து கராஜ் மூலையில் கிடக்கிறது. அதைப் போட்டால் அதே வேகத்துக்கு 2,900-க்கும் கீழே வந்துவிடும், மவுண்ட் ஹாமில்டனில் இரண்டாம் கியரின் துள்ளலும் கூடவே போய்விடும். நான்கு மாதமாக அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன், இன்னும் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை.