பாலோனியா என்று சொல்லி பேக்கிங் பெட்டி மரத்தை அனுப்பினார்கள்: ரூ.18,500 போச்சு

எனக்கு மரம் விற்றவன் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இன்னும் கை நடுங்குகிறது. வேறு யாரும் இதில் விழுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோவளத்தில் ஹேண்ட்பிளேன் செய்கிறேன். உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு அலையில் உடம்பாலேயே சறுக்கிப் போவதற்கான சின்னப் பலகை. ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். பட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப், மேலே ஆளிவிதை எண்ணெய். உடைந்த சர்ஃப்போர்டுகளின் தெர்மாகோல் உள்கட்டையை எடுத்து, இழைத்து, புதுப் போர்டும் செய்வேன். பத்து ஹேண்ட்பிளேனுக்கு ஆர்டர் வந்ததால் பாலோனியா என்கிற லேசான மரத்தைத் தேடினேன். கன அடிக்கு 8 கிலோ அளவுதான் இருக்கும், உப்புத் தண்ணீரை எளிதில் குடிக்காது.

எல்லாரும் பழைய பொருள் விற்கிற ஒரு ஆப்பில்தான் அந்த விற்பனையாளர் கிடைத்தான். பலகையைத் தராசில் வைத்து வீடியோ அனுப்பினான். முடிச்சு இல்லாமல் பொறுக்கித் தருகிறேன் என்றான். "நம்ம கடல்ல நாமளே பிளாஸ்டிக்கைக் கொட்டலாமா அண்ணா?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். நான் தினமும் சொல்கிற வார்த்தை அது. ஆப்புக்கு கமிஷன் போகிறது, நேராக அனுப்புங்கள் என்றதும் யோசிக்கவே இல்லை. 12 பலகைக்கு 12,000, போர்டின் மேல் பூசி இறுகவைக்கிற, தாவர எண்ணெய் கலந்த எபாக்ஸி ரெசின் (பிசின்) 2 கிலோவுக்கு 6,500. மொத்தம் 18,500 ரூபாய், ஒரே தடவையில்.

பார்சலைத் தூக்கும்போதே தெரிந்துவிட்டது. நாலடி நீளம், ஆறு அங்குல அகலம், ஓர் அங்குல கனம் உள்ள பாலோனியா பலகை ஒன்றே கால் கிலோவை ஒட்டித்தான் வரும். இது 2 கிலோ 400 கிராம். இழைப்புளி போட்டதும் டர்பன்டைன் வாசனை. பைன் மரம்! ஆணி ஓட்டைகளில் மக்கு அடைத்திருந்தது. ஒரு பலகையின் ஓரத்தில் பாதி இழைத்த 'HT' (சூடேற்றிப் பதப்படுத்திய மரம்) முத்திரை, சரக்குப் பெட்டிகளில் குத்துவார்களே, அதுவேதான். பெட்டி மரத்தை மறுபடி பயன்படுத்துவது நல்ல காரியம், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் அதைப் பாலோனியா என்று சொல்லி, பாலோனியா விலைக்கா விற்பது?

ரெசின் அதைவிட மோசம். எபாக்ஸியில் கலந்து இறுகவைக்கிற ஹார்டனர், ரெசினில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு என்று பெரிய பாட்டிலில் வரும். இதில் கண் மருந்து மாதிரி ஒரு குப்பி. சந்தேகப்பட்டு மீன் பெட்டித் தெர்மாகோல் துண்டில் ஊற்றினேன். கண்ணெதிரே கரைந்து குழியானது. எபாக்ஸி தெர்மாகோலைக் கரைக்காது; இது சாதாரண பாலியஸ்டர் ரெசின். சோதிக்காமல் போர்டில் பூசியிருந்தால் மூன்று வார வேலை நாசம்.

கேட்டால், "ஈரம் இருக்கும்ணா, பத்து நாள் காயவைங்க, எடை குறையும்" என்றான். ஆணி ஓட்டை எப்படி வந்தது தம்பி என்றேன். "லாட் மாறியிருக்கும், ஓனர் ஊர்ல இல்ல" என்றான். அப்புறம் இழைத்த மரத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றான். ஆப்பில் புகார் செய்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரியில் பதில். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம்தானே என்கிறார்கள். ஆறு நாள் இப்படியே. 18,500 ரூபாய் எனக்கு இரண்டு மாத வாடகை. ஆர்டர் கொடுத்தவர்களுக்கு முன்பணத்தையும் திருப்ப வேண்டும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். முதலில் ஒரே ஒரு பலகை வாங்கி எடை போடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. ரெசினை முதலில் தெர்மாகோல் துண்டில் ஊற்றிப் பாருங்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். ஆறு நாள் அவன் பேச்சைக் கேட்டுக் காத்திருந்துவிட்டு நான் இப்போதுதான் கூப்பிடப் போகிறேன்.